பதினேழாம் பக்கத்துக் கதவு

1934-ஆம் வருசம் ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை, ஜின்னிங் பாக்டரி வெங்கடபதியின் மகள் ரங்கநாயகி, வயது ஒன்பது, பீளமேட்டு வாசகசாலையில் ஒரு படக்கதைப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்துக்குள் போய், அரைமணி நேரம் இருந்துவிட்டு, வாயில் கடலை உருண்டையோடு திரும்பி வந்தாள். வாசகசாலையைப் பார்த்துக்கொண்டிருந்த திருமூர்த்தி இதில் ஒரே ஒரு சிக்கலைத்தான் கண்டார். வெளியே போகிற புத்தகங்களை எழுத நோட்டு இருந்தது, புத்தகத்துக்குள்ளே போகிற ஆட்களை எழுத நோட்டு இல்லை. அன்றைக்கே வெள்ளைத் தாளை மடித்து ஊசிநூலால் தைத்து, பெயர், போன நேரம், வந்த நேரம் என்று கோடு போட்டுக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று ஒன்று. ரங்கநாயகி பெயருக்கு எதிரே அதில், 'சடை வேறு மாதிரி பின்னியிருக்கிறது' என்று எழுதினார். மனுசன் பொய் எழுத மாட்டார். ஆனால் அந்த ஒரு வரி எழுதாமல் இருந்திருந்தால் நம்ம வீதியில் பாதி வம்பு இல்லை.

வாசகசாலை கட்டினது பைக்காரா அருவியிலிருந்து ஊருக்குக் கரண்டு வந்த மறு வருசம். பணம் வெங்கடபதியுடையது, யோசனை அவர் சம்சாரம் ராமாமணியுடையது. வாசலில் பதித்த கல்லில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, யார் பெயர் பெரிய எழுத்தில் என்று கேட்டால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கல் அங்கேதான் இருக்கிறது. பெருந்துறையில் ஒரு வக்கீல் காலமானபின் அவர் வீட்டுப் புத்தகங்களை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார்கள். அந்த மூட்டைகளின் அடியில் இந்தப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை, எழுதினவர் பெயர் இல்லை. பக்கத்துக்கு ஆறு சதுரம், சதுரத்துக்கு ஒரு படம், படத்தில் இருப்பவர்கள் வாயிலிருந்து புகை மாதிரி ஒரு வளையம் கிளம்பி அதற்குள் பேச்சு எழுதியிருக்கும். இதைப் பக்கவாட்டில் வாசிப்பதா மேலிருந்து கீழே வாசிப்பதா என்று பெரியவர்கள் இரண்டு நாள் வாதாடினார்கள். குழந்தைகள் வாசித்து முடித்துவிட்டன. கதை இவ்வளவுதான்: ஒரு வாசகசாலையில் ஆறாவது அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது, அதற்குப் பின்னால் மாயம் இருக்கிறது. படத்தில் இருந்த வாசகசாலை நம்ம வாசகசாலையேதான். வடக்குச் சுவரில் ஒரு விரிசல்கூட வரைந்திருந்தது. நிஜச் சுவரில் அந்த விரிசல் கார்த்திகை மழைக்கப்புறம்தான் விழுந்தது, படத்தைப் பார்த்து வைத்துக்கொண்ட மாதிரி அதே இடத்தில்.

பதினேழாம் பக்கத்தில் கடைசிச் சதுரம்தான் அந்தக் கதவு. அதைப் பார்க்கிற எவருக்கும் உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வரும், நடுவயசுப் பொம்பளைக் குரல், நல்ல மரியாதையான குரல். ஆளுக்கு ஒரு தரம். குழந்தைகள் "வாரேனுங்க" என்று உடனே உள்ளே போய்விட்டன, போனவர்களுக்கு அப்புறம் எப்போது பார்த்தாலும் கதவு ஒருக்களித்தே இருந்தது. பெரியவர்கள் ஒருவர்கூடப் போகவில்லை. காரணம் பயமில்லை, மரியாதை. இது காக்காயைக்கூட "போங்க" என்று விரட்டுகிற ஊர். எந்த வீட்டில் வாங்க என்றாலும் முதல் தரமே உள்ளே நுழைகிறவனைச் சோத்துக்கு அலைகிறவன் என்பார்கள். முதல் அழைப்புக்கு "இருக்கட்டுங்க", இரண்டாவதுக்கு "இப்பத்தானுங்க சாப்ட்டேன்", மூன்றாவதுக்குத்தான் செருப்பைக் கழற்றுவது. ராமாமணியின் வீட்டில் பேசுவது தெலுங்கு என்றாலும் இந்த விசயத்தில் அவளை மிஞ்ச கொங்கு நாட்டில் ஆள் கிடையாது. திறப்பு விழா அன்றைக்கு அரக்குப் பட்டில் போய் நின்று புத்தகத்தைப் பிரித்தாள். குரல் "வாங்க" என்றது. அவள் முகமெல்லாம் பூரித்து, "இருக்கட்டுங்க, ஊட்ல சோலி கெடக்குது, இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்றாள். இன்னும் இரண்டு தரம் கூப்பிடுவார்கள் என்று புன்சிரிப்போடு காத்திருந்தாள். படத்தில் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் அவள் எப்போது பிரித்தாலும் அவள் கண்ணுக்கு அந்தக் கதவு தாழ்ப்பாளோடுதான் இருந்தது. வெங்கடபதிக்கும் அப்படியே, திருமூர்த்திக்கும் அப்படியே, எதிர்வீட்டு லட்சுமியம்மாளுக்கும் அப்படியே. ஊரே இருக்கட்டுங்க சொல்லி வெளியே நின்றது.

இதை எல்லோரும் சகித்துக்கொண்டார்கள், எல்லோருக்கும் பொதுவான நஷ்டம் என்பதால். சகிக்க முடியாமல் போனது பதினெட்டாம் பக்கத்திலிருந்து. உள்ளே போன குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்பது அடுத்தடுத்த பக்கங்களில் தானாகப் படமாக வந்துகொண்டிருந்தது, அதை வெளியே நிற்கிறவர்களும் பார்க்கலாம். நோட்டில் அந்தச் சடைக் குறிப்பை வாசித்துவிட்டு ராமாமணி பார்த்தாள். முதல் சதுரத்திலேயே கருப்பாத்தாள் இருந்தாள். விடியற்காலையில் மில்லு முற்றமும் சாயங்காலம் வாசகசாலையும் கூட்டுகிற அதே கருப்பாத்தாள்தான், தலையெல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டி நாற்பது வயதிலேயே நரைத்த மாதிரித் தெரிகிறவள், எழுத்து ஒன்றும் அறியாதவள். படத்தில் அவள் அலமாரி அலமாரியாகக் கூட்டிக்கொண்டே போனாள். கூட்டக் கூட்ட புத்தகங்களிலிருந்து எழுத்துகள் தரையில் உதிர்ந்தன. அவற்றை முறத்தில் அள்ளி ஒரு புடை புடைத்தால் கிளியாகப் பறந்தன, இன்னொரு புடைக்கு முயலாக ஓடின. ஒரு தரம் பெரிய எழுத்தாகப் பார்த்து அள்ளி வீசினாள், மருதமலை உயரத்துக்கு ஒரு யானை நின்றது. பதினோரு குழந்தைகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசிச் சதுரத்தில் ரங்கநாயகி கருப்பாத்தாளின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கருப்பாத்தாள் அவளுக்கு நாலுகால் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

இந்தக் குழந்தை ராமாமணியின் சீப்புக்குக் கீழே சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. தினம் காலையில் அந்த வீட்டில் தலைவாரும்போது கேட்கிற சத்தத்தை வைத்துத்தான் நம்ம வீதியில் மணி ஏழு என்று தெரிந்துகொள்வது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ராமாமணி அந்தப் பின்னலை அவிழ்க்கப் பார்த்தாள். அது அவிழவில்லை. எண்ணெய் விட்டாள், வரவில்லை, ஊசி விட்டு நெம்பினாள், வரவில்லை. குழந்தை தூங்கினதும் தானாக அவிழ்ந்து தலையணையில் பரவியது.

அன்றையிலிருந்து ராமாமணி தொட்ட தண்ணீர் கொதித்தது. குளிக்க அண்டாவில் கைவிட்டுப் பார்த்தால் ஆவி பறக்கும். செம்பை எடுத்துக் கொடுத்தால் குடித்தவர் நாக்கு வெந்துவிடும். வெங்கடபதி காரணம் கேட்கவில்லை, விறகு மிச்சம் என்று சந்தோசப்பட்டார், ஆம்பளைகள் வேறு என்ன செய்வார்கள். லட்சுமியம்மாள்தான் ஒரு நாள் வீதியைத் தாண்டி வந்து, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங் ராமாமணி, கட்டடம் உங்களுது, கல்லும் உங்களுது. படத்துல மட்டும் கூட்டறவதான் ராசாத்தியாட்டம் இருக்கறாளாமா?"

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலீங், நானே தெனமும் போயிப் பாத்துப்போட்டுத்தான் வாரேன். நேத்து உங்க புள்ளைக்கு மடியில வெச்சு ஊட்டியுட்டா. நல்லாத்தான் தின்னுச்சு, பாவம்."

ராமாமணி மதிலில் வைத்திருந்த கையை எடுத்தாள். முந்தின நாள் மழையில் மதில்மேல் தேங்கியிருந்த தண்ணீர் சுர்ரென்று சத்தம் போட்டது.

சாப்பிடும்போது ரங்கநாயகி வேறு பேச்சே பேசுவதில்லை. "அம்மா, உள்ள நொய்யல் ஆத்துப் புத்தகத்தப் பிரிச்சா கால் நனையுதும்மா. கருப்பாத்தாக்கா என்னெயத் தூக்கி அக்கட்டால கரையில உட்டாங்க." கூட்டுகிறவளை அக்கா என்றும் விட்டாங்க என்றும் அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. ராமாமணி ரசம் ஊற்றினாள். ரசம் இலையில் கொதித்தது.

வேறு யாராவது இருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். ராமாமணி புத்திசாலி. மார்கழி மாதம் ஒரு வாரம் முழுக்க ஆறாவது அலமாரிக்குப் பக்கத்தில், புஸ்தகம் பார்க்கிற மாதிரி நின்று, புதிதாக வருகிற குழந்தைகள் எப்படி உள்ளே போகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டாள். ஐந்தாம் நாள் அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரே தரம்தான் கூப்பிடும், அந்த ஒரு தரத்தில் வாரேன் என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்வந்தவர்கூட எந்த நேரம் இருக்கட்டுங்க என்று சொன்னாலும் கதவு சாத்திக்கொள்ளும். ஊருக்குள் யாருக்கும் தெரியாத இந்த விசயத்தை அவள் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, உனக்கு மருவாதி தெரிய மாட்டேங்குது. நாளையிலிருந்து என்ற கூட ஒறம்பரை ஊட்டுக்கெல்லாம் விருந்தாட வா" என்றாள்.

அந்த மார்கழியும் தை நோம்பியும் அவள் அந்தக் குழந்தையைக் கூட்டிப்போகாத வீடில்லை. தாராபுரத்தில் மாமனார் வழி, சூலூரில் அண்ணன் வீடு, பீளமேட்டிலேயே பதினாறு வீடு. முறுக்குத் தட்டு நீட்டினால் கை போகக்கூடாது. போனால் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து தொடையில் கிள்ளும். முதலில் குழந்தைக்குத் தொடை முழுக்க நீலம். பொங்கல் தாண்டுவதற்குள், யார் எதைக் கொடுத்தாலும், "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது. பார்த்த பெரிய மனுசர்கள் எல்லாம், வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்றார்கள். தை மாதம் இருபதாம் தேதி ராமாமணி மகளைத் தானே கையைப் பிடித்து வாசகசாலைக்குக் கூட்டிப்போய் பதினேழாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். மகள் கண்ணுக்குக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து கருப்பாத்தாள், அன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே போயிருந்தாள், முறத்தோடு எட்டிப் பார்த்து, "வா சாமி, இன்னைக்கு மயிலு செய்யலாம்" என்றாள்.

"இருக்கட்டுங்க" என்றாள் ரங்கநாயகி. "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. அந்த நேரம் ராமாமணி முகத்தைப் பார்த்தவர் திருமூர்த்தி ஒருவர்தான். அவர் நோட்டில் குறிப்புக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அவர் எழுதாமல் விட்ட ஒரே கட்டம் அதுதான்.

நினைத்தது நடந்துவிட்டது என்று ராமாமணி ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தாள். அன்று வீட்டில் வெந்நீர் போட விறகு வேண்டியிருந்தது. மறுநாள்தான் சங்கதி தெரிந்தது. கற்றுக்கொண்ட மரியாதையைக் கதவோடு நிறுத்திக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியவில்லை. பசி வந்தது, அதற்கும் இருக்கட்டுங்க என்றாள், பசி போய்விட்டது. சிரிப்பு வந்தது, அதற்கும் சொன்னாள். ராத்திரி தூக்கம் வந்து கூப்பிட்டபோதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்றாள். தூக்கம் இந்த ஊர் இல்லையே, இரண்டாம் தரம் கூப்பிட. அது போனது போனதுதான். பத்தொன்பது நாள் ரங்கநாயகி கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார், "இருக்கட்டுங்க" என்றாள். மந்திரிக்கிறவர் வந்து திருநீறு நீட்டினார், அதற்கும் அதேதான். தேய்ந்து தேய்ந்து, ஜன்னல் வெளிச்சம் அவளுக்குள்ளே புகுந்து பின்னால் சுவரில் விழ ஆரம்பித்தது. வீதியில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இருபதாம் நாள் காலையில் ராமாமணி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், வாசகசாலைக்கு நடந்தாள். ஒரு கைப் பஞ்சு கனம்கூட இல்லையாம் அந்தக் குழந்தை.

கருப்பாத்தாள் அப்போதுதான் கூட்ட ஆரம்பித்திருந்தாள். ராமாமணி மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றாள். கல்யாணமாகி வந்த பதினான்கு வருசத்தில் அவளிடம் கூட்டு, அள்ளு, போ என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேசினதில்லை.

"உன்னெய அது எப்புடிக் கூப்புட்டுச்சு?"

"எதுங்கொ?"

"அந்தக் கதவு. என்னன்னு கூப்புட்டுச்சு, நீ என்ன பதில் சொன்னே? நெசத்தச் சொல்லு. என்ற புள்ளையப் பாரு."

கருப்பாத்தாள் குழந்தையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னெய ஆருங்க கூப்புட்டாங்க அம்மணி? கூட்டறவள எந்த ஊட்ல வாங்கன்னு சொல்றாங்க? கதவு தொறந்து கெடந்துச்சு, உள்ள ஒரே குப்பை. கூட்டிக்கிட்டே போனேன், போயிப்போட்டேன். இன்னைவரைக்கும் ஒருத்தரும் கூப்புடவுமில்ல, போன்னு சொல்லவுமில்ல."

"எனக்குச் சாத்திக் கெடக்குதே."

"ஒறம்பரையாப் போனீங்கன்னா சாத்திருக்குமுங்க. சோலியாப் போறவளுக்கு எந்தக் கதவுங்க சாத்தியிருக்குது?"

அதற்குள் ஜன்னலுக்கு வெளியே வீதி கூடிவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது. லட்சுமியம்மாள் முன்வரிசை. வெங்கடபதியின் மோட்டாரும் வந்து நின்றது. எல்லோரும் பார்க்க, கல்லில் பெரிய எழுத்தில் பெயர் உள்ள ராமாமணி கையை நீட்டி, "ஒரு சீமாறு குடு" என்றாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க..."

"குடு கருப்பாத்தா."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராமாமணி கூட்டினாள். அவள் கூட்டினது லட்சணமாக இல்லை. குப்பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "அடியில தள்ளாதீங்க அம்மணி, மூலையிலிருந்து வாங்க, குனிஞ்சு, இன்னும் குனிஞ்சு" என்று கருப்பாத்தாள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். வெளியே யாரோ சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. முதலாவது அலமாரியிலிருந்து ஆறாவது அலமாரிவரைக்கும் கூட்டினாள், வேர்த்துக் கொட்டியது, குங்குமம் மூக்கில் வழிந்தது. கருப்பாத்தாள் முறத்தைக் குழந்தை கையில் கொடுத்து, "அம்மா கூட்டறாங்க, அள்ளு சாமி" என்றாள். அது அழைப்பில்லை, வேலை. வேலைக்கு இருக்கட்டுங்க சொல்ல ராமாமணி கற்றுத்தரவில்லை. ரங்கநாயகி எழுந்து போய் அள்ளினாள். மூன்று பேரும் தரையைக் கூட்டி, மேசைக் காலைக் கூட்டி, மேசைமேல் ஏறிப் புத்தகத்தின் ஓரத்தைக் கூட்டி, பதினேழாம் பக்கத்தின் முதல் சதுரத்திலிருந்து ஆறாவது சதுரம்வரைக்கும் கூட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். திருமூர்த்தி மணி பார்த்து எழுதினார்: ஒன்பதே கால்.

அடுத்த பக்கத்தில் படம் வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் வெங்கடபதி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். முதல் சதுரத்தில் மயில் இருந்தது. நாலாவது சதுரத்தில் ரங்கநாயகி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை கருப்பாத்தாளின் மடியில், கால் மட்டும் ராமாமணியின் மடியில். அந்தக் காலை ராமாமணி பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அந்தச் சதுரம் மாறவேயில்லை. ஊர் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனது, வாசகசாலைக்குள் இருமக்கூடாது என்று திருமூர்த்தி பலகை எழுதி மாட்டினார். மூன்றாம் நாள் மில்லுச் சங்கு ஊதும்போது மூன்று பேரும் வெளியே வந்தார்கள். குழந்தைக்குப் பசி. சடையில் ஒரு பாதி கருப்பாத்தாள் பின்னினது, நேராக இருந்தது. மறு பாதி வேறு யாரோ பின்னினது, கோணல்.

அப்புறம் நம்ம வீதிப் பொம்பளைகள் எல்லோரும் ஆளுக்கொரு சீமாறு வாங்கினார்கள். அந்த மாசி மாதம் வாசகசாலையை ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தரம் கூட்டினார்கள். கதவு ஒருத்திக்கும் திறக்கவில்லை. கூட்டுகிறவள் யார், சீமாறு பிடித்துக்கொண்டு நிற்கிறவள் யார் என்று அதற்குத் தெரிகிறது. ரங்கநாயகி பதின்மூன்று வயதுவரைக்கும் முறத்தோடு போய்வந்தாள், அப்புறம் காங்கயத்துப் பக்கம் கல்யாணம் பண்ணிப் போனாள், அங்கே எந்த வீட்டிலும் முதல் அழைப்புக்கே உள்ளே நுழைந்து நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டாள். ராமாமணி தினம் சாயங்காலம் கூட்டப் போவதை நிறுத்தவில்லை. அவள் கூட்டுவது இன்றைக்கும் லட்சணமாக இல்லை. அவள் வீட்டில் வெந்நீருக்கு விறகு வேண்டியிருக்கிறது என்று வெங்கடபதிக்குத்தான் குறை.

1938-இல் ஒரு நாள் கருப்பாத்தாள் வாசகசாலைச் சாவியைக் கொடுக்க ராமாமணி வீட்டுப் பொடக்காலிக்கு வந்தாள். எப்போதும் அந்த வழிதான் வருவாள். ராமாமணி சாவியை அங்கே வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்குப் போய் நின்றாள். கருப்பாத்தாள் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள் ராமாமணி.

கருப்பாத்தாளும் இந்த ஊர்தானே. "இருக்கட்டுங்க அம்மணி, இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

"உள்ள வாங்க கருப்பாத்தா."

"இப்பத்தானுங்க சாப்ட்டுப்போட்டு வந்தேன்."

"வாங்கன்னு சொல்றேன்."

கருப்பாத்தாள் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், பித்தளை டம்ளரில் காப்பி குடித்தாள், ஒரு மணி நேரம் இருந்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒன்றும் கேட்காது. மறுநாள் புத்தகத்தில் அந்த முன்வாசல் படமாக வந்திருந்தது, கதவு ஒருக்களித்தபடி. புத்தகம் இப்போதும் ஆறாவது அலமாரியில்தான் இருக்கிறது, ஆளுக்கு ஒரு தரம் கூப்பிடுகிறது. நம்ம வீதியில் மற்றப் பொம்பளைகளை ராமாமணி இன்றைவரைக்கும் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட்டதில்லை.